ஒரு புத்தகம் இத்தனை செய்யுமா? கணக்கு, இயற்பியல், கணினி அலமாரியில் கொட்டிக்கிடக்கும் ஆச்சரியங்கள்!

உயர்நிலைப் பள்ளியோடு கணக்கை விட்டுவிட்ட ஓர் இல்லத்தரசி, அறிஞர்கள் "இதற்கு மேல் ஒன்றுமில்லை" என்று மூடிவைத்த ஒரு கேள்வியைத் திறந்து நான்கு புதிய விடைகளை எடுத்தார், தெரியுமா? அதுவும் வீட்டுக்கு வந்த ஒரு மாத இதழைப் படித்துவிட்டு!

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வாழ்ந்த மார்ஜரி ரைஸ் ஐந்து பிள்ளைகளின் தாய். மகனுக்காக 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் வீட்டுக்கு வரும். மகன் கைக்குப் போவதற்குள் அம்மா படித்துவிடுவார். 1975-ல் அதில் வந்த கேள்வி இது: ஒரே வடிவமான ஐங்கோணக் கற்களைச் சந்து விடாமல் பதித்து ஒரு தரையை மூட வேண்டும். எத்தனை வகை ஐங்கோணங்களால் அது முடியும்? சதுரக் கல் பதிப்பது எளிது. அறுகோணத்தைத் தேனீக்களே செய்துகாட்டிவிட்டன. ஐங்கோணம்தான் முரண்டு பிடிக்கும். 1968-ல் ரிச்சர்ட் கெர்ஷ்னர் என்ற அறிஞர், உட்குழிவில்லாத ஐங்கோணங்களில் மொத்தம் எட்டு வகைதான் இதற்குப் பொருந்தும் என்று அறிவித்திருந்தார். இதழைப் படித்த வாசகர் ஒருவர், பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினார். அந்தச் செய்தியைப் படித்ததும் ரைஸுக்குப் பொறி தட்டியது. கணிதக் குறியீடுகள் அவருக்குத் தெரியாது. அதனால் என்ன? தமக்கென்று ஒரு குறியீட்டு முறையைத் தாமே வகுத்துக்கொண்டு சமையல் மேடையில் படம் போட ஆரம்பித்தார். யாராவது வந்தால் காகிதங்களை மறைத்துவிடுவார். 1977-க்குள் நான்கு புதிய வகைகள் அவர் கையில்! டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியர் சரிபார்த்து, அத்தனையும் சரி என்று உலகத்துக்குச் சொன்னார். அவற்றில் ஒரு வடிவம் இன்று வாஷிங்டனில் மேத்தமேட்டிகல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகத்தில் தரைக்கல்லாகப் பதிந்திருக்கிறது. மொத்தம் பதினைந்து வகைதான் என்ற முடிவான நிரூபணம் வந்தது 2017-ல்தான்.

ரைஸை உட்காரவைத்த அந்தப் பத்தியை எழுதியவர் யார் என்று பார்த்தால் அது அடுத்த ஆச்சரியம். மார்ட்டின் கார்டனர் கல்லூரியில் படித்தது தத்துவம். உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு ஒரு கணித வகுப்பில்கூட அவர் உட்கார்ந்ததில்லை! 1956 டிசம்பரில், காகிதப் பட்டையை மடித்துச் செய்யும் ஓர் அறுகோண விளையாட்டுப் பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். திருப்பத் திருப்பப் புதுப்புது முகம் காட்டும் வினோதம் அது. வாசகர்கள் மயங்கிப்போனார்கள். இதழ் நடத்தியவர்கள் மாதாமாதம் எழுதச் சொல்லிவிட்டார்கள். கால் நூற்றாண்டு எழுதினார். தமக்கே புரிய நெடுநேரம் ஆனதால்தான் மற்றவர்களுக்குப் புரியும்படி எழுத முடிந்தது என்பது அவரே தந்த விளக்கம். இதைவிட நல்ல தகுதி ஓர் அறிவியல் எழுத்தாளருக்கு வேறு என்ன வேண்டும்?

வங்கிச் செயலியில் நீங்கள் பணம் அனுப்பும்போது காவல் நிற்கும் ரகசியக் குறியீட்டுக் கலையில் ஆர்.எஸ்.ஏ. முறைக்குப் பெரிய இடம் உண்டு. அது பொதுமக்களுக்கு முதன்முதலில் அறிமுகமானது எங்கே தெரியுமா? அதே கார்டனரின் விளையாட்டுக் கணக்குப் பத்தியில்! 1977 ஆகஸ்ட் இதழில் 129 இலக்க எண் ஒன்றை அச்சிட்டு, "இதை உடைத்து, மறைந்திருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர்" என்று அந்த முறையைக் கண்டுபிடித்த மூவரும் சவால் விட்டார்கள். அன்றைய கணக்குப்படி உடைக்க ஆகும் காலம் 400 கோடி கோடி ஆண்டுகள்! ஆனால் பதினேழே ஆண்டுகளில், 1994-ல், இணையத்தில் கைகோத்த சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைப் பூட்டி அதை உடைத்துவிட்டார்கள். கணித அறிஞர் ஜான் கான்வேயின் 'உயிர் விளையாட்டு' 1970 அக்டோபரில் உலகத்துக்கு வந்ததும் இதே பத்தி வழியாகத்தான். கட்டம் போட்ட தாளில் பிறந்து, பெருகி, சாகும் புள்ளிகள்! அவை முடிவில்லாமல் பெருக முடியுமா என்று காட்டுபவருக்கு 50 டாலர் என்றார் கான்வே. அடுத்த மாதமே எம்.ஐ.டி.யின் பில் காஸ்பர் குழு பரிசைத் தட்டிச்சென்றது. இந்தப் பத்திகள் பதினைந்து நூல்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. கணக்கைக் கண்டு ஓடும் ஒருவருக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று யார் கேட்டாலும் கார்டனரைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, 'இது நல்ல புத்தகம், இது மொக்கைப் புத்தகம்' என்று முன்கூட்டியே முடிவு கட்ட முடியுமா? முடியவே முடியாது! அதற்குக் கும்பகோணமே சாட்சி. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயத் தனிப்பயிற்சி ஆசிரியர், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயாரிக்கத் தொகுத்த நூல் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான வாய்பாடுகளும் தேற்றங்களும் வரிசையாக நிற்கும். விளக்கம் மிகக் குறைவு. பல இடங்களில் நிரூபணமே இருக்காது. கதை கிடையாது. கல்லூரி நூலகத்திலிருந்து வந்த அந்தப் பிரதி 1903 வாக்கில் பதினைந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் கையில் விழுந்தது. விட்டுப்போன நிரூபணங்களை எல்லாம் அவன் தானே போட்டுப்பார்க்க ஆரம்பித்தான். பத்தே ஆண்டுகளில், 1913-ல், அவன் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டியைத் திகைக்க வைத்தது. அவன்தான் சீனிவாச ராமானுஜன்! ஆயிரம் பேரைத் தூங்கவைக்கும் ஒரு நூல் ஒருவனுக்குச் சொர்க்க வாசலாகியிருக்கிறது. இந்த முழுக் கதையும் ராபர்ட் கனிகலின் 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' நூலில் இருக்கிறது. 1991-ல் வந்தது. கும்பகோணத்தையும் சென்னைத் துறைமுக அலுவலகத்தையும் கேம்பிரிட்ஜையும் அருகருகே வைத்துக் காட்டும் அந்த நூலை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் யாராவது ஒருவராவது படித்திருக்க வேண்டும்.

ராமானுஜனோடு முடியவில்லை. 1963-ல் கேம்பிரிட்ஜ் நகரின் மில்டன் சாலை நூலகத்துக்குள், பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில், பத்து வயதுப் பையன் ஒருவன் நுழைந்தான். எரிக் டெம்பிள் பெல் எழுதிய 'தி லாஸ்ட் ப்ராப்ளம்' கண்ணில் பட்டது. 300 ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் நிரூபிக்க முடியாத ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பற்றிய நூல். கேள்வி பத்து வயதுக்கே புரிந்துவிட்டது! விடைதான் எவருக்கும் தெரியவில்லை. அந்தப் பையன் ஆண்ட்ரூ வைல்ஸ். 1993-ல் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார், அதில் ஓர் ஓட்டை தென்பட்டது, 1994 செப்டம்பரில் அதையும் அடைத்தார், 1995-ல் நிரூபணம் அச்சாகி வந்தது. பெல் இறந்தது 1960-ல். அந்த நூல் வெளிவந்தது 1961-ல். தம் நூல் யாரைப் போய்ச் சேர்ந்தது என்பதை ஆசிரியர் அறியவே இல்லை! வைல்ஸின் போராட்டத்தைத் துப்பறியும் கதையின் விறுவிறுப்போடு சொல்லும் நூல் சைமன் சிங்கின் 'ஃபெர்மாஸ் லாஸ்ட் தியரம்', 1997. கணக்கு தெரியாதவரும் கீழே வைக்க மாட்டார்.

கணினி அறிவியலின் தந்தை ஆலன் டூரிங் சிறுவயதில் படித்தது எட்வின் ப்ரூஸ்டரின் 'நேச்சுரல் வொண்டர்ஸ் எவ்ரி சைல்ட் ஷுட் நோ'. உடம்பும் ஓர் இயந்திரம்தான் என்று அது குழந்தைகளுக்குச் சொன்னது. அறிவியல் என்று ஒன்று இருப்பதையே அந்த நூல்தான் தமக்குக் காட்டியது என்று டூரிங் பின்னாளில் தாயிடம் சொன்னார். மைக்கேல் ஃபாரடேயின் கதை இன்னும் அழகு. அவர் புத்தகம் கட்டும் கடையில் பயிற்சித் தொழிலாளி. கட்டுவதற்கு வரும் நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார்! அப்படி அவரைப் பிடித்துக்கொண்ட நூல்களில் ஒன்று 1806-ல் பெயரில்லாமல் வெளிவந்த ஒரு வேதியியல் உரையாடல் நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதாக எழுதப்பட்டது. எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. மின்சார யுகத்தையே திறந்துவிட்ட ஃபாரடே அவரைக் கடைசிவரை தம் முதல் ஆசானாகப் போற்றினார்.

ஹெச்.ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்குக் கண் தெரியாது, தெரியுமா? உடம்பு முழுக்க ஒளி ஊடுருவிப் போனால் விழித்திரையில் படம் எப்படி விழும்? குருடன்தான்! இந்தக் குறும்புக் கேள்வியை எழுப்பி விடை சொன்னவர் யாக்கவ் பெரல்மான். 1913-ல் ரஷ்யாவில் வெளிவந்த அவருடைய நூல் 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்று தமிழுக்கும் வந்தது. சோவியத் நூல்களை மலிவு விலையில் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் வாங்கிப் படித்த தலைமுறைக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் உடைக்காமல் சுழற்றியே கண்டுபிடிப்பது, ஜூல் வெர்னின் பீரங்கியில் நிலாவுக்குப் போனால் பயணிகள் என்ன ஆவார்கள் என்று கணக்குப் போடுவது என்று பக்கத்துக்குப் பக்கம் விருந்து! லெனின்கிராட் முற்றுகையின்போது படைவீரர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த இந்த மனிதர், 1942 மார்ச்சில் அதே நகரில் பட்டினியால் இறந்தார். கோடிக்கணக்கான பிள்ளைகளைச் சிரிக்கவைத்த கை அது. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒளியின் வேகம் மிதிவண்டி வேகத்துக்குக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? தெருவில் சைக்கிள் மிதிப்பவர் நம் கண்ணுக்கு முன்னும் பின்னும் சப்பையாகத் தெரிவார்! ஜார்ஜ் காமோவின் டாம்ப்கின்ஸ் கதைகளில் இப்படித்தான் நடக்கும். டாம்ப்கின்ஸ் ஒரு வங்கி எழுத்தர். அறிவியல் சொற்பொழிவுக்குப் போய்த் தூங்கிவிடுவார். கனவில் சார்பியல் நகரத்துக்குள் நுழைந்துவிடுவார். அவர் பெயரின் முதலெழுத்துகள் சி, ஜி, எச். ஒளி வேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகிய மூன்றின் குறியீடுகள்! பெருவெடிப்புக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான காமோவே இப்படி உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறார் என்பதுதான் அதைவிடப் பெரிய வியப்பு.

இயற்பியலாளர் ஹாக்கிங்கின் 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' கதையைச் சொல்லாமல் விட முடியுமா? மகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும் என்பது அந்த நூலுக்கு ஒரு காரணம்! விமான நிலையக் கடைகளில் விற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் பேண்டம் என்ற வெகுஜனப் பதிப்பகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று எச்சரித்தார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், ஐன்ஸ்டைனுடைய அந்தப் புகழ்பெற்ற சமன்பாட்டை. 1988-ல் வந்த நூல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பட்டியலில் 237 வாரங்கள் நின்றது. ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது!

இன்னும் பின்னோக்கிப் போகலாம். 1150-ல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி' செய்யுளில் அமைந்த கணக்கு நூல். தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும் மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும் போகின்றன. இந்த இரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு வேறொரு பூவுக்குப் பறக்கின்றன. மிஞ்சிய ஒரே ஒரு தேனீ காற்றில் மயங்கித் திரிகிறது. மொத்தம் எத்தனை? பதினைந்து! போட்டுப்பாருங்கள். அக்பர் அவைப் புலவர் ஃபைஸி இதைப் பாரசீகத்தில் எழுதினார். நம் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' மட்டும் சளைத்ததா? பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல அதில் வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். சரியா தவறா என்று பார்க்க அடுத்த பலாப்பழப் பருவம் வரை பொறுங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கணக்கு வகுப்பு கிடையாது.

மால்பா தாஹான் என்ற அரபுக் கதாசிரியர் பிரேசில் நாட்டுக்காரர், தெரியுமா? உண்மைப் பெயர் ஜூலியோ சேசார் டி மெல்லோ இ சௌசா. கணக்கு வாத்தியார். ஓர் அரபு எழுத்தாளரையே கற்பனையில் படைத்து, அந்தப் பெயரில் 1938-ல் 'கணக்கிட்ட மனிதன்' நூலை வெளியிட்டார். அதில் வரும் ஒட்டகக் கணக்கு அபாரம். 35 ஒட்டகங்களை மூன்று சகோதரர்கள் பிரிக்க வேண்டும்: மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. எதுவும் முழுதாக வரவில்லை, சண்டை. வழிப்போக்கன் தன் கூட வந்தவனுடைய ஒட்டகத்தையும் சேர்த்து 36 ஆக்குகிறான். 18, 12, 4 என்று மூவருக்கும் கணக்கைவிடக் கூடுதலாகவே கிடைத்துவிடுகிறது. கூட்டினால் 34! மிச்சம் இரண்டு. கொடுத்த ஒட்டகம் திரும்பி வருகிறது. இன்னொன்று கணக்குப் போட்டவனுக்குக் கூலி. மந்திரமா? இல்லை. பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று மூன்றையும் கூட்டினால் முழுசு வராது. பதினெட்டில் பதினேழுதான் வரும். அப்பா உயிலிலேயே மிச்சம் வைத்துவிட்டார்! சௌசா பிறந்த மே 6-ஐத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது பிரேசில்.

கணினிப் பக்கம் வருவோம். இரவில் எதிர்வீட்டு நண்பனோடு டார்ச் விளக்கை அணைத்து ஏற்றிப் பேசும் சிறுவர்களிடம் ஆரம்பித்து, மோர்ஸ், பிரெய்ல், தந்தி என்று படிப்படியாக ஏறி, கடைசியில் ஒரு முழுக் கணினியையே காகிதத்தில் கட்டிக்காட்டும் நூல் ஒன்று இருக்கிறது. சார்லஸ் பெட்சோல்டின் 'கோட்', 1999. இரண்டாம் பதிப்பு 2022. முன்னறிவு எதுவும் தேவையில்லை. கணினி எப்படி 'யோசிக்கிறது' என்று கேட்கும் எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைத்தான் கொடுக்க வேண்டும். தமிழில் இந்த ருசியைக் காட்டியவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த கையாலேயே 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று ஜூனியர் விகடனில் கேள்விகளுக்குப் பதில் எழுதினார்!

ஆனால் டொனால்ட் நூத்துக்கு ஈடாக யாரைச் சொல்வது? 1962-ல், 24 வயதில், ஒரு நூல் எழுத ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு அத்தியாயம் போதும் என்று நினைத்தார். 1965-ல் கையெழுத்துப் படி 3,000 பக்கத்தை எட்டியது! 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் தொகுதி 1968-ல் வந்தது; 2022-லும் ஒரு தொகுதி வந்தது; இன்னும் முடியவில்லை. அறுபது ஆண்டு உழைப்பு! நடுவில் 1977-ல் அச்சுப்படி வந்தபோது எழுத்துகளின் அழகு கெட்டிருப்பதைப் பார்த்து மனம் நொந்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு, நூலை அழகாக அச்சுக்கோக்கும் மென்பொருளையே உருவாக்கினார். அதுதான் டெக். இன்றும் உலகின் கணித ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களில்தான் கோக்கப்படுகின்றன. நூலில் பிழை கண்டுபிடித்தால் 2.56 டாலர் பரிசு. 256 சென்ட் என்பது கணினிக்காரர்களின் பதினாறடிமான முறையில் சரியாக ஒரு 'டாலர்'. அந்தக் காசோலையை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வங்கிக்குப் போகவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்!

இதே நூத் ஒரு கணிதக் கதையும் எழுதியிருக்கிறார். கான்வே கண்டுபிடித்த ஒரு புதுவகை எண்களைப் பற்றியது. ஆஸ்லோவில் ஓர் அறையில் அடைந்து ஒரே வாரத்தில் எழுதி முடித்த 'சர்ரியல் நம்பர்ஸ்', 1974. இரண்டு காதலர்கள் கடற்கரையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்து, எண்களின் உலகத்தையே அடியிலிருந்து கட்டி எழுப்புகிறார்கள். ஒரு பெரிய கணிதக் கண்டுபிடிப்பு முதன்முதலில் கதையாக வெளிவந்த விந்தை! தைரியசாலிகளுக்கு டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் 'கோடெல், எஷர், பாக்' இருக்கிறது. 777 பக்கம், 1980-ல் புலிட்சர் பரிசு. சும்மா ஒரு மாலையில் முடிக்க வேண்டுமா? 1884-ல் பள்ளித் தலைமையாசிரியர் எட்வின் அபட் எழுதிய 'ஃப்ளாட்லேண்ட்' போதும். தட்டையான உலகத்தில் வாழும் சதுரத்தின் வீட்டுக்கு ஒரு கோளம் விருந்தாளியாக வருகிறது!

இதையெல்லாம் எப்படித் தேடிப்பிடிப்பது? முதலில், பிடிக்காத நூலைக் கூச்சமில்லாமல் மூடுங்கள். ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014-ல் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார். கிண்டில் வாசகர்கள் அடிக்கோடிட்ட இடங்கள் நூலின் எந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று பார்த்தார். ஹாக்கிங் நூலுக்குக் கிடைத்த மதிப்பெண் 6.6 சதவீதம்! வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. அதனால் உலகம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. காமோவை எடுத்திருந்தால் அவர்களே கடைசிப் பக்கம் வரை போயிருப்பார்கள்.

பிடித்த நூல் கிடைத்ததும் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஆசிரியர் தாம் படித்த நூல்களைச் சொல்லியிருப்பார். அங்கிருந்து அடுத்தது. கையில் பென்சிலும் தாளும் இல்லாமல் கணக்கு நூலைத் திறக்காதீர்கள். காசு ஒரு தடையே இல்லை: ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் நடத்திய புகழ்பெற்ற இயற்பியல் வகுப்புகளின் நூல் முழுவதையும் அந்த நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஆபெல்சனும் சஸ்மனும் எழுதிய, நிரல் எழுதுவோர் 'மந்திரவாதிப் புத்தகம்' என்று செல்லமாக அழைக்கும் பாடநூலும் அப்படியே.

நூலகத்துக்குப் போனால் தேர்வு வழிகாட்டிகள் இருக்கும் பக்கம் திரும்பாதீர்கள். டியூயி முறையில் அடுக்கியிருந்தால் கணிதம் 510, இயற்பியல் 530, கணினி 004 முதல் 006 வரை. இந்த வாரமே போங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். எந்த நூலை எடுப்பது என்பதை அவனிடமோ அவளிடமோ விட்டுவிடுங்கள்.